ஷாக் அடிக்காத பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

கண் டாக்டரின் ப்ரொஜெக்டர் இன்று வந்து இறங்கியது. தூக்க நாலு பேர். மூன்று பேர் பெட்டியைத் திட்டிக்கொண்டே தூக்கினார்கள், நாலாவது ஆளான என் தம்பி அந்த மூன்று பேரையும் திட்டினான்.

பழைய மூன்று ட்யூப் வகை. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குண்டு லென்ஸ். டாக்டரின் புகார், திரையில் எழுத்து வந்தால் பக்கத்தில் மெல்லியதாக ஒரு நிழலும் கூடவே ஓடுகிறதாம். ஊரார் கண்ணையெல்லாம் நோண்டுகிறவருக்குத் தன் வீட்டுச் சுவரில் ஒரு நிழல் பொறுக்கவில்லை. நியாயம்தான்.

கோளாறு ட்யூபில் இல்லை. அதன் கழுத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கும் வீடியோ போர்டு மந்தம். படத்தின் நுணுக்கம் அதற்குள் புகுந்து வெளியே வருவதற்குள் விளிம்பெல்லாம் மழுங்கிவிடுகிறது. மூன்று போர்டிலும் வேகமான டிரான்சிஸ்டர் போட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிற வயரையும் குறுக்கினால் படத்தில் தலைமுடி எண்ணலாம்.

தம்பிக்கு ஒப்பவில்லை. "கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? நீ அவனுக்கும் மேலயா?"

"ஆமாண்டா, மேலதான்."

ஸ்பேனர் பறந்து வந்தது. என் தோளில் பட்டது. நான் கையிலிருந்த ஸ்க்ரூ டப்பாவால் அவன் காதோரம் ஒன்று வைத்தேன். அப்புறம் தரையில் சிதறின ஸ்க்ரூவை இரண்டு பேருமாகப் பொறுக்கினோம், டீ குடித்தோம்.

எங்கள் வீட்டில் இப்படித்தான். அப்பாவின் அடிக்கிற கை எங்கள் இரண்டு பேருக்கும் பங்காக வந்திருக்கிறது. அடித்தால் அடித்ததோடு சரி, மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம். என்னைக் கட்டியவனுக்குத்தான் இது புரியவில்லை. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை எறிந்தேன். அவன் மேல் படக்கூட இல்லை. மறுநாளே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 5, புதன்

தோள் வீங்கியிருக்கிறது. அவன் காது அதைவிட வீங்கியிருக்கிறது. திருப்தி.

மார்ச் 7, வெள்ளி

தம்பி வெளியே போன நேரம் பார்த்து டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். டீச்சர் என்றால் தம்பி பொண்டாட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், அதனால் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் டீச்சர்தான். அவர்கள் குடித்தனம் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே. நான் பின்பக்க அறையில் இருக்கிறேன்.

முழுக்கை சட்டையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தது. "தினமும் இருக்கு அண்ணி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

நான் என்ன சொன்னேன்? "அவன் கையே அப்படித்தாம்மா. எனக்குந்தான் விழுது. திருப்பி ஒண்ணு குடு, அடங்கிடுவான்."

அவள் என்னைப் பார்த்தாள். கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற மாதிரி. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே நான்?

மார்ச் 11, செவ்வாய்

பச்சை போர்டு தயார். மாட்டிப் போட்டதும் படம் சும்மா வெட்டிக்கொண்டு நின்றது. ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நிழலுக்குப் பதில் மூன்று. வேகம் கூடிப் போய் போர்டு தானாகவே அதிர்கிறது. சொன்னால் கேட்காத குதிரை. கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும், ஒரு சின்ன ரெசிஸ்டர் போதும்.

அதைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் பார்க்க வந்தார். தம்பி அவரிடம், "எங்க அக்கா கெடுத்து வச்சிருக்கா சார், நான் சரி பண்ணித் தரேன்" என்றான். சொல்லிக்கொண்டே வெளிச்சத்தை முழுசாக ஏற்றினான். நிலையான படம், முழு வெளிச்சம். பச்சை ட்யூபின் முகத்தில் அந்தப் படம் நிரந்தரமாக எரிந்து பதிந்திருக்கும். ஒரு நிமிடம் விட்டிருந்தால் போச்சு.

டாக்டர் முன்னாலேயே கன்னத்தில் அறைந்தேன். கை வலிக்கிற அளவுக்கு.

டாக்டர் பைய நகர்ந்து கதவுப் பக்கம் போனார். தம்பி திருப்பி அடிக்கவில்லை. வாசல் வழியாக வெளியே போனான், உடனே மாடிப்படியில் அவன் காலடி கேட்டது. திருப்பி அடித்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு நாளாக அவனும் நானும் பேசுவதில்லை. அவன் வெளி வேலைக்குப் போய்விடுகிறான்.

நிம்மதியாக வேலை ஓடியது. மூன்று வீடியோ போர்டும் என் மேஜையில். பவர் சப்ளை பெட்டி, ஹை வோல்டேஜ் பெட்டி இரண்டையும் கழற்றி எடுத்தேன். உள்ளே கெப்பாசிட்டரெல்லாம் உப்பிக் கிடந்தன. இரண்டிலும் சேர்த்துப் பதினாலு. அத்தனையையும் பிடுங்கினேன். புதியது வர ஒரு வாரம் ஆகும். பெட்டிகளை மூடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ப்ரொஜெக்டர் இப்போது வெறும் கூடு. தூசி விழாமல் மேல் மூடியைப் போட்டு எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். எதைக் கழற்றினாலும் மூடி மேல் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். நான் போட்ட சட்டம்தான். இல்லாத பெட்டி இருப்பதாக நினைத்து ஒருத்தர் பிளக்கைச் செருகிவிடக் கூடாது, இருக்கிற பெட்டி இல்லையென்று நினைத்து ஒருத்தர் கையை விட்டுவிடக் கூடாது. பதினெட்டு வருஷமாகச் சீட்டு ஒட்டாமல் நாங்கள் மூடி போட்டதில்லை.

இன்றைக்கு ஒட்டவில்லை. பேசாதவனுக்கு என்ன சீட்டு? வேண்டுமானால் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 17, திங்கள்

மாலை. மாடியில் நாற்காலி விழுகிற சத்தம். திரும்ப ஒரு சத்தம், அது நாற்காலி இல்லை.

ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

மார்ச் 19, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மதியம் ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒர்க்‌ஷாப் நடுவில், ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில், டீச்சர் கிடந்தாள். தாடை ஒரு பக்கமாக விலகி இருந்தது. வாயெல்லாம் ரத்தம். இடது கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. தம்பி முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஷாக் அக்கா, ஷாக்! ஓடிட்டு இருந்துச்சு, பின்னாடி வயர் போற இடுக்குல கையை விட்டுட்டா, தூக்கி எறிஞ்சிருச்சு!" என்று கத்தினான்.

நம்பினேன். அந்த நிமிடம் நம்பினேன், சத்தியமாக. தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் போட்டோம். அவள் தலை என் மடியில். ஒரு பல் என் கையில் வந்து விழுந்தது. அதைத் தொலைக்காமல் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. ஓடிட்டு இருந்துச்சா? எது ஓடிட்டு இருந்துச்சு? அதுக்குள்ள என்ன இருக்கு ஓட? ரெண்டு பெட்டியும் என் மேஜைக்கு அடியில இல்ல கிடக்கு?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "கரண்ட்னா தீக்காயம் இருக்கணுமே?" தம்பி தடங்கலே இல்லாமல் சொன்னான், "இதுல வோல்டேஜ்தான் சார் ஜாஸ்தி, முப்பதாயிரத்துக்கு மேல. கரண்ட் கம்மி. சுடாது, தூக்கி அடிக்கும். விழுந்ததுலதான் அடி." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொய்யிலும் தொழில் தெரிந்தவன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் மெக்கானிக்கா? அப்படித்தானா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அந்த ஆமாவை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. கான்ஸ்டபிள் வந்து, "ஷாக்காம்மா?" என்று கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பி அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணை மூடித் திறந்து தலையசைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வராந்தாவில் அவனிடம் சாதாரணமாகக் கேட்டேன். "எந்த ட்யூப்டா?"

"பச்சை. அந்தத் தடி வயர்ல கை பட்ருச்சு."

"படம் எப்படி இருந்துச்சு?"

"அதே நிழல்தான். நீ கெடுத்து வச்ச நிழல்" என்றான். சிரித்தான்.

நிழல் ஓடிய அந்தப் போர்டு பதிமூன்றாம் தேதியிலிருந்து என் மேஜையில் கிடக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அவன் என் தம்பி. அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். அடிக்க?

மார்ச் 22, சனி

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இடத்தைப் பார்ப்பார்களாம். விபத்து என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

காலையில் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "அதுக்குள்ள ஒண்ணுமே இல்லடா. பவர் பெட்டி இல்ல, ஹை வோல்டேஜ் பெட்டி இல்ல. போன வாரம் வியாழக்கிழமையே நான் கழட்டிட்டேன். எதுடா அவளைத் தூக்கி எறிஞ்சுது?"

அவன் முகம் வெளுத்தது. மூடியைப் பார்த்தான். "சீட்டு ஒட்டலையே நீ" என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. அவளைப் பற்றி இல்லை.

"நீ அன்னிக்கு ஊருக்கு முன்னாடி என்னை அறைஞ்ச இல்ல? மாடிக்குப் போனேன், அவ சிரிச்சா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னிலேர்ந்து..." என்று ஆரம்பித்தான். அதாவது நான் அறைந்த அறை என் கன்னத்துக்குத் திரும்பி வரவில்லை. மாடி ஏறிப் போயிருக்கிறது. அன்றைக்கு மட்டுமா? பதினெட்டு வருஷத்தில் நான் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று? அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். கணக்கு எனக்கே போடத் தெரிகிறது.

"நான் சொல்லிடுவேன்" என்றேன்.

கழுத்தைப் பிடித்தான். சுவரோடு வைத்து அழுத்தினான். கையில் கிடைத்தது சால்டரிங் அயர்ன், சூடாக இருந்தது. அவன் முன்னங்கையில் வைத்தேன். சதை பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் விட்டான். இரண்டு பேரும் இரண்டு மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். இந்தத் தடவை யாரும் டீ போடவில்லை.

மார்ச் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் அவன் எனக்கு முன்னாலேயே உள்ளே இருந்தான். கையில் கட்டு. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான். மேஜைக்கு அடியில் பார்த்தேன், காலி. இரண்டு பெட்டியையும் எடுத்து ப்ரொஜெக்டருக்குள் மாட்டிவிட்டான். மேஜை மேல் இருந்த வீடியோ போர்டுகளைக்கூட மாட்டியிருந்தான். சுத்தமான வேலை. ஒரு வயர்கூடத் தொங்கவில்லை.

"ஒண்ணுமே இல்லைன்னியே அக்கா? இப்ப இருக்கு."

இன்ஸ்பெக்டர் அம்மா பத்து மணிக்கு வந்தார்கள், கூட ஒரு கான்ஸ்டபிள். தம்பி மூடியைத் திறந்து விளக்கினான். இதோ ஹை வோல்டேஜ் பெட்டி, இதோ தடி வயர், இங்கேதான் அவள் கை. பாடம் நடத்துகிற மாதிரி. அந்த அம்மா குனிந்து பார்த்து, "இவ்வளவு ஆபத்தானதைக் கடையில திறந்தா வைப்பீங்க?" என்று அதட்டினார்கள். அவ்வளவுதான் கேள்வி. நோட்டை மூடப் போனார்கள்.

நான் போய் பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினேன். "மேடம், இதை ஆன் பண்ணச் சொல்லுங்க."

தம்பி சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றவில்லை. சின்ன விளக்குகூட எரியவில்லை. மறுபடி போட்டான். பிளக்கை ஆட்டினான். அவன் நெற்றியில் வியர்வை.

"அந்த ரெண்டு பெட்டியையும் திறக்கச் சொல்லுங்க மேடம்."

திறந்தேன். நானே திறந்தேன். உள்ளே பதினாலு இடம் காலி, வெறும் ஓட்டை. பிடுங்கின பழசு பதினாலும் டப்பாவில் இருந்தது, கொட்டிக் காட்டினேன். "இது இல்லாம ஒரு டார்ச் அளவுக்குக்கூட இதுல கரண்ட் வராது. பதிமூணாம் தேதி எடுத்தேன். அவ விழுந்தது பதினெட்டாம் தேதி."

"பதிமூணுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்த நோட்டைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது இதில் வேறு என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று. அந்த அம்மா பதிமூன்றாம் தேதியோடு நிறுத்தவில்லை. முதலிலிருந்து படித்தார்கள், நின்றுகொண்டே. ஏழாம் தேதி பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்கள். பதினேழில் அதைவிட.

"உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு."

"ஆமா."

"ரேடியோவை வச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

தம்பி என் மேல் பாய்ந்தான். பச்சை லென்ஸை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கான்ஸ்டபிள் பிடிப்பதற்குள் இரண்டு குத்து விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. பெரிய மனசெல்லாம் இல்லை, தெம்பு இல்லை. வண்டியில் ஏற்றும்போது, "அக்கா, அக்கா" என்றுதான் கத்தினான். சைக்கிளிலிருந்து விழுந்தபோது கத்தின அதே குரல்.

தேவையான பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு நோட்டை நாளைக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, இன்றே மாலை கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

டீச்சர் சிலேட்டு மாதிரி ஒரு பலகையில் எழுதி வாக்குமூலம் கொடுத்துவிட்டாளாம். தம்பி பக்கத்தில் இல்லாததால் ஒன்பது வருஷத்தையும் எழுதினாளாம். நான் ஆஸ்பத்திரியில் அவள் அறைக்குள் போனேன். தண்ணீர் பாட்டில் எடுக்க அவள் தலைக்கு மேலே கையை நீட்டினேன். அவள் உடம்பு மொத்தமும் சுருங்கியது.

பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

ரெசிஸ்டர் மதிப்பை மூன்று தடவை மாற்றி ஒருவழியாகப் போர்டு அடங்கியது. நிழல் இல்லை. எழுத்து கத்தியால் வெட்டின மாதிரி நிற்கிறது. கண் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். கடைசியில், "உங்க தம்பிகிட்டயும் சொல்லுங்க, நல்லா வந்திருக்குன்னு" என்றார். அவருக்குத் தெரியாது போல.

சரி என்றேன்.

மே 6, செவ்வாய்

டீச்சர் சாமானை எடுக்க வந்தாள். பள்ளிக்கூடம் மாற்றல் வாங்கிவிட்டாள். வேறு ஊர். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுகிறது.

நான் பின்பக்க அறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருந்தேன், அவளுக்கென்று. சொன்னேன். வேண்டாம் என்றாள். சரி, எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லவில்லை. போன் நம்பர்? அதுவும் இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "உனக்காக என் தம்பியைப் பிடிச்சுக் குடுத்தவ நான். கூடப்பொறந்தவனை! ஒரு அட்ரஸ் சொல்ல மாட்டியா?"

கத்திவிட்டேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். ஆனால் குரல் அசையவில்லை. "நீங்க உண்மையைச் சொன்னீங்க அண்ணி. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா நீங்க அவரோட அக்கா."

இரண்டு பெட்டி, ஒரு மூட்டை புத்தகம். வண்டிக்காரர்தான் தூக்கினார், என்னைத் தொட விடவில்லை. நன்றி கெட்டவள். நன்றி கெட்டவள் என்று மாலை வரைக்கும் அறையில் நடந்துகொண்டே சொன்னேன்.

மே 19, திங்கள்

இன்னும் ஆறவில்லை. அட்ரஸ் கேட்டது என்ன கொலைக் குற்றமா?

ஜூன் 14, சனி

தம்பி ஜாமீனில் வந்துவிட்டான். காலை பதினோரு மணிக்கு ஒர்க்‌ஷாப் கதவை உதைத்துத் திறந்தான். மெலிந்திருந்தான். முன்னங்கையில் நான் வைத்த தழும்பு பளபளவென்று இருந்தது.

"அவ எங்க?"

"தெரியாதுடா."

முதல் அடி வாயில். "உனக்குத் தெரியாம இருக்காது. எங்க?" தெரியாது என்றேன். தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். எங்க? தெரியாது. நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. நான் ஒரு தடவை திருப்பி உதைத்தேன், முழங்காலில், சரியாக விழுந்தது. அதற்கு அவன் என் வலது கைச் சுண்டு விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். அது உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. எங்க அக்கா, சொல்லிடு, எங்க?

பக்கத்துக் கடைக்காரர் ஆட்களோடு வந்து பிடிக்கும்வரை அதே கேள்விதான். நெற்றியில் ஆறு தையல். விரலுக்குக் கட்டு. அவனைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள், இனி ஜாமீன் கிடைக்காது என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார்கள். இதை இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல்.

அந்த அட்ரஸ் எனக்குத் தெரிந்திருந்தால்? என்னிடமே பொய் சொல்ல இந்த நோட்டு எதற்கு? விரலை மடக்கும்போது சொல்லியிருப்பேன். அதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன், அவன் அடித்ததால்கூட இல்லை, 'அக்கா' என்று கூப்பிட்டான் பார், அதற்கே. இது டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் ஆட்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து என் பொய்யெல்லாம் அவனுக்குத் தெரியும். "நிஜமாவே தெரியாதா உனக்கு?" என்று கேட்டான், மெதுவாக. தெரியாது என்றேன். நம்பிவிட்டான்.